நான்காம் மாதிரி

அத்தியாயம் 11

பீரோவை நகர்த்தப் போன தம்பி தரையில் சரிந்தது ஞாயிற்றுக்கிழமை. பத்து எண்ணுவதற்குள் கண் விழித்து எழுந்து உட்கார்ந்துகொண்டான். அறையில் அவன் மனைவி மட்டும்தான் இருந்தாள்.

"அக்கா காதுல மட்டும் போட்டுடாத. உயரத்துல ஏறாதன்னு ஆரம்பிச்சிடுவா. அப்புறம் ஆபீஸ்ல உக்கார வச்சு ஸ்பேனர் எண்ண விட்டுடுவாங்க."

அவளும் தலையாட்டிவிட்டாள். இன்று வெள்ளிக்கிழமை. மாடியில் நடந்த அந்தச் சேதி இன்னும் கீழ்த்தளத்துக்கு இறங்கவில்லை.

கீழ்த்தளத்தில் அக்கா காலை ஏழு மணிக்கே கிளம்பி நின்றாள். மின்னணு ஆய்வுக்கூடத்தில் பொறியாளர். நான்கு வருட உழைப்பு இன்று முதன்முறையாக ஒரு மருத்துவமனைச் சுவரில் ஏறப் போகிறது. இரவு தூங்கியிருக்க மாட்டாள் என்று கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது.

தம்பி கருவிப் பையைத் தோளில் மாட்டியபடி மாடிப்படி இறங்கி வந்தான். லிஃப்ட் மெக்கானிக். முப்பத்தாறு வயது. உடம்பில் சதை என்று சொல்ல எதுவும் இல்லாத ஒல்லி.

"என்னக்கா, இன்னைக்கு என் நெஞ்சை ஊருக்கே திறந்து காட்டப் போறியாம்?"

"உன் நெஞ்சை இல்லடா. என் பெட்டியை."

"பெட்டி உன்னுது. உள்ள இருக்கிற சரக்கு என்னுது. பேப்பர்ல போட்டோ வந்தா என் போட்டோவும் வரணும்."

"தூங்குற மாதிரி ஒண்ணு இருக்கு. அதைக் கொடுக்கிறேன்."

கேலியாகச் சொன்னாலும் அவன் சொன்னது உண்மைதான். அந்தப் பெட்டி கண்ணுக்குத் தெரியாத ரேடியோ அலையை அனுப்பி, மனிதர் நெஞ்சில் பட்டுத் திரும்புவதை அளக்கும். ஒரு தலைமுடியின் பருமன் அளவுக்கு நெஞ்சு அசைந்தாலும் அதற்குத் தெரியும். உடம்பில் ஒயர் வேண்டாம், பட்டை வேண்டாம், தொடவே வேண்டாம். ஆரம்பத்தில் இதைச் செய்ய ஒரு மேசை நிறையக் கருவிகள் தேவைப்பட்டன. இப்போது எல்லாம் விரல் நகம் அளவுள்ள ஒரே சிப்புக்குள் அடங்கிவிட்டது.

ஆனால் எது சரியான துடிப்பு என்று அந்தச் சிப்புக்கு யாராவது கற்றுக்கொடுத்தாக வேண்டுமே.

பரிசோதனைக்கு ஆள் கிடைக்காமல் அக்கா உறவுக்காரர்கள் பத்துப் பேரைக் கெஞ்சிக் கூட்டிப் போய், விடுமுறை நாட்களில் ஆய்வுக்கூடத்துக் கட்டிலில் படுக்க வைத்தாள். ஒருவர் இருமினார். ஒருவர் பேசிக்கொண்டே இருந்தார். அவள் கணவரால் ஐந்து நிமிடம் போனை எடுக்காமல் இருக்க முடியவில்லை. நான்காவதாக வந்த தம்பி படுத்தான், தூங்கினான். ஆறு மணி நேரம் அசையவில்லை. மற்றவர்களின் பதிவில் பெரும்பகுதி கழிந்துபோக, அவனுடையதுதான் தேறியது. 'நலமானவர், மாதிரி 4' என்ற பெயரில் அவன் இதயம்தான் அந்தச் சிப்புக்குப் பாடம் சொன்ன வாத்தியார்.

"இன்னைக்கு எங்கடா வேலை?"

"ஆத்தோரம் இருபத்திரண்டு மாடி ஒண்ணு கட்டியிருக்காங்களே, அங்கதான். கட்டும்போது சாமான் ஏத்தியே லிஃப்ட் கயிறு தேஞ்சுபோச்சு, மாத்தணும்."

அவன் மனைவி வாசலில் நின்றிருந்தாள். கண்ணாடிக் கடையில் லென்ஸ் அறுக்கும் வேலை. எதையும் கூர்ந்து பார்க்கிற பழக்கம். ஷூ நாடாவைக் கட்டி நிமிர்ந்தபோது அவன் ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டதை அவள் பார்த்தாள்.

"மெதுவாப் போங்க" என்றாள்.

"நான் என்னைக்கு வேகமாப் போயிருக்கேன்?"

அவன் போனதும் அக்கா திரும்பினாள். "என்னம்மா, முகமே சரியில்லையே?"

சொல்வதற்கு வாய் வரைக்கும் வந்துவிட்டது.

"ஒண்ணுமில்ல அண்ணி. தலைவலி."

•

இதயநோய்ப் பிரிவில் பத்துப் படுக்கைகள். ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் உள்ளங்கை அகல வெள்ளைப் பெட்டி.

"இந்தச் சோப்பு டப்பாவா நாடி பாக்கப் போகுது?" என்றார் தலைமை நர்ஸ். முப்பது வருட அனுபவம் இடுப்பில் கை வைத்து நின்றது.

"தொடாமலே பாக்கும் சிஸ்டர்" என்றாள் அக்கா.

"அப்ப எங்களை எல்லாம் வீட்டுக்கு அனுப்பிடலாம்னு சொல்லுங்க."

"ஊசி போட அதுக்குக் கையில்லையே."

"கை இல்லாத வரைக்கும் எங்களுக்குச் சோறு" என்றார் நர்ஸ், கொஞ்சம் சமாதானமாகி.

அக்காவின் அணித் தலைவர் மருத்துவமனை அதிகாரிகளுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். நலமான துடிப்போடு எவ்வளவு பொருந்துகிறது என்று நூற்றுக்கு ஒரு எண் வரும். அறுபதுக்கு மேல் போனால் பச்சை. கீழே போனால் சிவப்பு, கூடவே மணி.

"முதல்ல நல்ல ஆளை வச்சுப் பாப்போம். சிஸ்டர், நீங்க உக்காருங்க" என்றார்.

நர்ஸ் உட்கார்ந்தார். எழுபத்தொன்று. பச்சை.

"எழுபத்தொண்ணா? ஸ்கூல்லயே நான் எம்பதுக்குக் கீழ வாங்கினதில்ல."

"ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும்" என்று தலைவர் சிரித்தார்.

பத்துப் பெட்டிகளையும் இயக்கினார்கள். முதல் படுக்கை நாற்பத்திரண்டு. அடுத்தது ஐம்பது. அதற்கடுத்தது முப்பத்தெட்டு. எல்லாம் சிவப்பு, இருக்க வேண்டியபடியே. அதிகாரிகள் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையசைத்தார்கள்.

ஏழாம் படுக்கையில் பச்சை எரிந்தது. தொண்ணூற்றாறு.

படுக்கையில் இருந்த ஓவிய ஆசிரியர் தலையைத் தூக்கிப் பார்த்தார். "தொண்ணூத்தாறா? அப்ப என்னை வீட்டுக்கு விட்டுடுங்களேன். பிள்ளைங்க தேடுவாங்க."

நர்ஸ் சிரித்தார். "நல்லா இருக்குங்க உங்க டப்பா. பாத்ரூமுக்குக்கூட நாங்க நடந்து போக விடாத ஆளு இவர்தான். வார்டுலயே முதல் மார்க் வாங்கிட்டாரு."

வார்டின் டாக்டர் சிரிக்கவில்லை. நடுத்தர வயதுப் பெண்மணி. அதிகம் பேசாதவர். மெல்ல நடந்து வந்து திரையைப் பார்த்தார்.

"பெட்டியைக் கழட்டி வேற படுக்கையில மாட்டுங்க."

மாட்டினார்கள். அங்கே நாற்பது காட்டியது. அங்கிருந்த பெட்டி ஏழாம் படுக்கைக்கு வந்தது. தொண்ணூற்றாறு.

பெட்டியில் பழுதில்லை.

அக்கா தன் மடிக்கணினியில் அந்த அலையை விரித்துப் பார்த்தாள். ஒவ்வொரு துடிப்பிலும் நெஞ்சு ஒருமுறை அசைகிறது. உடனே இன்னொரு சின்னத் தட்டு. மூடிய கதவை யாரோ மறுபடி விரலால் தொட்டுப் பார்த்தது போல.

அந்தத் தட்டு அவளுக்கு நன்றாகத் தெரியும். தம்பியின் பதிவில் முதன்முதலில் அதைப் பார்த்த அன்று துள்ளிக் குதித்திருக்கிறாள். இவ்வளவு நுட்பமாகக்கூட நம் கருவி பார்க்கிறதே என்று. மற்றவர்களிடம் அது தெரியாதபோது, குறை கருவியில்தான் என்று அவளும் தலைவரும் முடிவு கட்டினார்கள். அதைக் கண்டுபிடிப்பதற்காகவே எட்டு மாதம் ஆன்டெனாவை மாற்றி மாற்றி அமைத்தார்கள்.

எட்டு மாதமும் அவர்கள் தேடியது மற்றவர்களிடம் இல்லவே இல்லாத ஒன்றை.

மாதிரி 4-ஐ எடுத்து ஓவிய ஆசிரியரின் அலைமேல் வைத்தாள். இரண்டு கோடுகள் ஒன்றாயின.

"டாக்டர்" என்றாள். "இவருக்கு என்ன?"

டாக்டர் அவளைத் தாழ்வாரத்துக்கு அழைத்து வந்தார். "இதயத்தோட சுவர் தடிச்சுப் போற நோய். நிறைய பேருக்கு வெளியில ஒண்ணுமே தெரியாது. சாதாரணமா வேலைக்குப் போவாங்க, வருவாங்க. ஓடும்போது, பாரம் தூக்கும்போது, திடீர்னு தாளம் தப்பிடும். இவர் பள்ளிக்கூட மைதானத்துல விழுந்தாரு. பக்கத்துல ஆள் இருந்ததால பொழைச்சாரு."

"அதே அலை இன்னொருத்தர்கிட்ட இருந்தா?"

"அதை மட்டும் வச்சு அதே நோய்னு சொல்ல முடியாது. ஸ்கேன் எடுக்கணும். எடுக்கிற வரைக்கும் இருக்குன்னே வச்சுக்கணும். யாரு அது?"

"என் தம்பி."

"என்ன வேலை பாக்கறாரு?"

"லிஃப்ட் மெக்கானிக்."

"கடைசியா எப்ப இ.சி.ஜி. எடுத்தாரு?"

அந்தக் கேள்வியில் அக்காவுக்கு மூச்சு வந்தது. "கம்பெனியில வருஷா வருஷம் எடுப்பாங்க டாக்டர். உயரத்துல வேலை செய்றவங்களுக்கு அது கட்டாயம். எங்க படிவத்துல 'மருத்துவப் பரிசோதனை ஆனவரா'ன்னு ஒரு கேள்வி இருக்கும். அதை நம்பித்தான் 'ஆம்'னு போட்டேன்."

"பெரும்பாலும் இ.சி.ஜி.யிலயே ஏதாவது தெரிஞ்சிருக்கும். அவங்க விட்டிருக்க மாட்டாங்க. அந்த ரிப்போர்ட்டை வாங்குங்க. ஆனா அதுவரைக்கும் அவரை ஓட விடாதீங்க. படி ஏற விடாதீங்க. பயமுறுத்தியும் சொல்லாதீங்க. நான் ஆம்புலன்சை அனுப்புறேன்."

தலைவர் பின்னாலேயே வந்து நின்றார். கேட்டிருக்கிறார்.

"அடுத்த பதிப்புல திருத்திக்கலாம்" என்றார் தணிந்த குரலில். "அதிகாரிங்க உள்ள இருக்காங்க. ஒரு மணி நேரம் பொறுத்துக்குங்க."

"அந்த ஒரு மணி நேரத்துல ஏழாம் படுக்கைக்காரர் விழுந்தாலும் பச்சைதான் சார் எரியும்."

வார்டுக்குள் போய் ஒவ்வொரு பெட்டியாக அணைத்தாள். பத்தாவதை அணைக்கும்போது தலைமை நர்ஸ் பக்கத்தில் வந்து நின்றார். அவளுடைய கைப்பையை எடுத்து நீட்டினார்.

•

தம்பியின் போன் அணைந்திருந்தது. லிஃப்ட் குழிக்குள் இறங்குகிறவர்கள் போனை அணைக்க வேண்டும் என்பது அந்தக் கம்பெனியின் விதி.

கண்ணாடிக் கடைக்குப் போன் போட்டாள்.

"அவன் உடம்புக்கு ஏதாவது இருந்ததாம்மா? மயக்கம், படபடப்பு, இந்த மாதிரி?"

எதிர்முனையில் லென்ஸ் அறுக்கும் எந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு நின்றது.

"ஞாயித்துக்கிழமை விழுந்தாரு அண்ணி."

"எங்க?"

"பீரோ நகர்த்தும்போது. பத்து எண்ணுறதுக்குள்ள எழுந்துட்டாரு. சொல்லக் கூடாதுன்னு…"

"அஞ்சு நாளு. ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு."

"நீங்கதானே அண்ணி எப்பவும் சொல்வீங்க, அவன் நெஞ்சு கல்லு, மெஷினுக்கே பாடம் சொல்லிக்கொடுத்த நெஞ்சுன்னு. அதனால வெயில்ல வந்த மயக்கமா இருக்கும்னு நினைச்சேன்."

அக்கா வாசலுக்கு வந்து ஒரு ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தினாள்.

"கடையை விட்டு உடனே கிளம்பு. ஆத்தோரம் அந்த இருபத்திரண்டு மாடிக்கு வா."

•

கட்டி முடிந்தும் குடிவராத கட்டிடம். கீழே சிமென்ட் வாசனை. இரண்டு லிஃப்ட்டுக்கு இடம் விட்டிருந்தார்கள். ஒன்றுக்கு வெறும் குழி மட்டும், பலகை அடித்து மறைத்திருந்தது. மற்றொன்றில்தான் தம்பி கயிறு மாற்றிக்கொண்டிருந்தான். அதன் கூண்டு மேலே எங்கேயோ நின்றது.

"மேல எந்திர அறையில இருக்காரு" என்றார் காவலாளி. "கூட வந்த ஆளு ஏதோ சாமான் வாங்கப் போயிருக்காரு. இந்த போன்ல பேசலாம், அங்கதான் அடிக்கும்."

நாலைந்து முறை மணி அடித்தபின் எடுத்தான்.

"யாரு?"

"நான்தான்டா."

"அக்காவா? என்ன, அதுக்குள்ள கடையைக் கட்டிட்டியா?"

"கட்டிட்டேன். நீ என்ன பண்ற?"

"மூணு கயிறு முடிஞ்சுது. நாலாவதை இறுக்கணும். ஏன், குரல் ஒரு மாதிரி இருக்கு?"

டாக்டர் சொன்னதை நினைத்துக்கொண்டாள். பயமுறுத்தக் கூடாது. "உன் கம்பெனி ரிப்போர்ட் ஒண்ணு வேணும்டா. கடைசியா எடுத்த இ.சி.ஜி. ஆஸ்பத்திரியில கேக்கறாங்க."

"என்ன இ.சி.ஜி.?"

"வருஷா வருஷம் எடுப்பாங்களே."

அவன் சிரித்தான். அந்த அறையின் எதிரொலியில் இரண்டு பேர் சிரிப்பது போலக் கேட்டது.

"எனக்கு எடுக்கிறதே இல்லையேக்கா. நான் இந்தக் கம்பெனியில சேர்ந்தே மூணு வருஷம்தானே ஆச்சு. நீ ஒரு கடிதாசி கொடுத்தியே, முத்திரை எல்லாம் போட்டு. 'இவருடைய இதயத்துடிப்பே எங்கள் ஆய்வில் நலமான இதயத்துக்கு அளவுகோல்'னு. அதைக் கம்பெனி டாக்டர்கிட்ட நீட்டினேன். இதுக்கு மேல நான் என்னய்யா பாக்கணும்னு அப்படியே கையெழுத்துப் போட்டுட்டாரு. வருஷா வருஷம் அதோட நகலைத்தான் கொடுக்கிறேன். அரை நாள் சம்பளம் மிச்சம்."

அக்கா சுவரில் சாய்ந்தாள்.

நன்றி சொல்லி எழுதிய கடிதம் அது. பத்துப் பேருக்கும் கொடுத்தாள்; தம்பியின் கடிதத்தில் மட்டும் அந்த ஒரு வரியைச் சேர்த்தாள்.

கம்பெனி பார்த்திருக்கும் என்று நம்பி அவள் 'ஆம்' போட்டாள். அவள் பார்த்திருப்பாள் என்று நம்பிக் கம்பெனி கையெழுத்துப் போட்டது. நடுவில் இருந்த அந்த நெஞ்சில் இதுவரை ஒரு டாக்டரும் காது வைத்துக் கேட்டதில்லை.

"அக்கா? இருக்கியா?"

"இருக்கேன். வேலையை நிறுத்து. ஸ்பேனரைக் கீழ வை. அப்படியே உக்காரு."

"நாலாவது கயிறு…"

"உக்காருடா."

அந்தக் குரலை அவன் சின்ன வயதில் கேட்டிருக்கிறான். ஏதோ இரும்பு தரையில் வைக்கப்படும் சத்தம் வந்தது.

"அவ சொல்லிட்டாளா?" என்றான் மெதுவாக.

"சொன்னா. அவளைத் திட்டாத. நீ நடந்து இறங்க வேணாம். லிஃப்டை இறக்க முடியுமா?"

"கையால சக்கரம் சுத்தித்தான் இறக்கணும். நல்லா பலம் கொடுக்கணும்."

"சுத்தாத. நாற்காலி ஸ்ட்ரெச்சரோட ஆள் வராங்க. அதுவரைக்கும் நாங்க மேல வந்து உன் கூட இருக்கோம்."

"இருபத்திரண்டு மாடி நீ ஏறப் போறியா? நம்ம வீட்டு மாடிக்கே ஏறாம என்னைத்தானே கீழ கூப்பிடுவ."

"இன்னைக்கு ஏறுறேன்."

தம்பி மனைவி வந்து சேர்ந்திருந்தாள். கடை உடுப்பின் மேல் கண்ணாடித் தூள் மின்னியது. இருவரும் படிக்கட்டுக் கதவைத் தள்ளினார்கள்.

•

ஒவ்வொரு தளத்திலும் சுவரில் சிவப்பாக எண் எழுதியிருந்தது. ஐந்து. ஆறு. ஏழு. ஜன்னல் இல்லாத படிக்கட்டு. நடுவில் கைப்பிடிகளுக்கு இடையே ஒரு இடைவெளி, மேலிருந்து அடிவரை நேராகத் தெரிந்தது.

ஒன்பதில் அக்கா நின்றாள். "நீ முன்னால போம்மா. அவன் தனியா இருக்கான்."

"நீங்க?"

"வரேன், போ."

அவள் ஓடினாள். அக்கா கைப்பிடியைப் பற்றி ஒவ்வொரு படியாக ஏறினாள். பதின்மூன்றாம் தளத்தில் போன் அடித்தது. டாக்டர்.

"ரிப்போர்ட் கிடைச்சுதா?"

"ரிப்போர்ட்டே இல்ல டாக்டர். மூணு வருஷமா… எடுக்கவே இல்ல. ஞாயித்துக்கிழமை… மயங்கி விழுந்திருக்கான்."

"ஆம்புலன்ஸ் பாலத்துக்கிட்ட நிக்குது. இன்னும் பத்து நிமிஷம். அவர் உக்காந்திருக்காரா?"

"உக்காந்திருக்கான்."

"நீங்க ஏன் இப்படி மூச்சு வாங்குறீங்க? எங்க இருக்கீங்க?"

"படியில… பதிமூணாவது மாடி."

"ஒண்ணு கேக்கறேன். நீங்க கூடப்பிறந்த அக்காவா, இல்ல ஒண்ணுவிட்ட உறவா?"

"கூடப்பிறந்தவ."

"அங்கேயே உக்காருங்க. இன்னும் ஒரு படிகூட ஏறாதீங்க. இது குடும்பத்துல வர்ற நோய். ஒருத்தருக்கு இருந்தா கூடப்பிறந்தவங்களுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. உங்க பெட்டிக்கு முன்னால நீங்க எப்பவாவது படுத்துப் பாத்திருக்கீங்களா?"

இல்லை. யாரையாவது படுக்க வைத்துவிட்டு, திரைக்குப் பின்னால்தான் அவள் உட்கார்ந்திருப்பாள். நான்கு வருடமும்.

படியில் உட்கார்ந்தாள். நெஞ்சு முரசு போல அடித்தது. பதின்மூன்று மாடி ஏறினால் யாருக்குத்தான் அடிக்காது? இது படியால் வந்த துடிப்பா, வேறு துடிப்பா? அதைச் சொல்லத் தெரிந்த கருவி உலகத்தில் இருந்தால், அது அவள் செய்ததாக இருக்க வேண்டும். அவள் செய்தது இரண்டையும் பச்சை என்றுதான் சொல்லும்.

"அண்ணி?" மேலேயிருந்து குரல் இறங்கி வந்தது. தம்பி மனைவி இருபத்திரண்டை எட்டியிருக்க வேண்டும். "அண்ணி, ஏன் உக்காந்துட்டீங்க?"

அக்கா நிமிர்ந்தாள். இடைவெளியில் மிக உயரத்தில் ஒரு சின்ன முகம். ஒன்றுமில்லை என்று கையை ஆட்டினாள். கைதான் எழுந்தது, குரல் எழவில்லை.

மேலே இரும்புக் கதவு திறந்தது.

"என்ன ஆச்சு?" தம்பியின் குரல்.

"அண்ணி… பதிமூணுல உக்காந்துட்டாங்க. கூப்பிட்டா பேச மாட்டேங்கறாங்க."

"எங்க? அக்கா… அக்கா…"

ஓடாதே என்று கத்த வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

கனமான வேலை பூட்ஸ் படியில் விழும் சத்தம் கேட்டது. பின்னாலேயே அவன் மனைவி அவனைக் கூப்பிடும் குரல். அவன் நிற்கவில்லை. இரண்டிரண்டு படியாகத் தாவி வந்துகொண்டிருந்தான். இருபத்தொன்று. இருபது. சத்தம் படிக்கட்டு முழுவதும் நிறைந்தது.

மடியில் கிடந்த போனிலிருந்து டாக்டரின் குரல் கேட்டது.

"அது என்ன சத்தம்? அங்க யாரு ஓடுறது?"